கோதுமையை நிறுத்துவதா, முதலில் பரிசோதனையா? சீலியாக் சந்தேகம் உள்ளவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சப்பாத்தி சாப்பிட்ட இரவெல்லாம் வயிறு உப்பிக்கொள்கிறது, பரோட்டா உண்ட மறுநாள் பேதியாகிறது, மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இப்போது முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள்" என்பதுதான். செலவில்லாத அறிவுரை, சொல்பவருக்கும் பொறுப்பில்லை. ஆனால் அந்த உபாதைக்குக் காரணம் சீலியாக் நோயாக இருந்துவிட்டால், அந்த நிறுத்தமே நோயைக் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடக்கூடும். நிறுத்துவதா, பரிசோதிப்பதா, மரபணுவைப் பார்ப்பதா, உணவு முறையையே மாற்றுவதா என்று தடுமாறி நிற்கும் வாசகர்களுக்காக இந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

எதைத் தேடுகிறோம்

"கோதுமை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் தூண்டிவிட, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. பேதி இல்லாமலும் இந்நோய் இருக்கும். காரணம் தெரியாத இரத்தசோகை, எலும்பு மெலிவு, வளர்ச்சி குன்றிய குழந்தை, கருத்தரிப்பதில் தடை, கல்லீரல் நொதிகளின் லேசான உயர்வு என்று எதிர்பாராத வாசல்களில் வந்து நிற்கும். இரண்டாவது கோதுமை ஒவ்வாமை. உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சிரைப்பு என்று காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, இவ்விரண்டும் இல்லை என்று உறுதியான பிறகும் குளூட்டன் உள்ள உணவால் தொல்லை வருகிறது என்ற நிலை. இதைச் சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் என்கிறார்கள். இதை நேரடியாகக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை; மற்றவற்றை விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சூட்ட முடியும்.

அரிசி உண்ணும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தது. சீலியாக் நோயைச் சுட்டும் எதிர்ப்பான்கள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 விழுக்காடு. நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உணவு: சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். வடகிழக்கிலும் கோதுமை குறைவுதான் என்பதால் உணவை மட்டுமே காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தெற்கில் நோய் அரிது என்பதை நம் உடல்வாகு தந்த பாதுகாப்பாக எண்ணிக்கொள்ள இந்த எண்கள் இடம் தரவில்லை. சர்க்கரை நோய்க்காக இரவுதோறும் சப்பாத்திக்கு மாறிய வீடுகளுக்கும், டெல்லிக்கோ லண்டனுக்கோ குடிபெயர்ந்து ரொட்டிக்குப் பழகியவர்களுக்கும், கோதுமை மா இடியாப்பமும் கொத்து ரொட்டியும் அன்றாட உணவாகிவிட்ட இலங்கைக் குடும்பங்களுக்கும் இது தொடர்புடைய செய்தி.

எந்த அளவுகோல்களால் அளப்பது

நான்கு கேள்விகளை எல்லா வழிகளுக்கும் பொதுவாக வைக்கலாம். மேற்சொன்ன மூன்று சிக்கல்களில் எது என்று இந்த வழி பிரித்துக் காட்டுமா? இந்த வழியில் இறங்கிய பிறகு, அடுத்த பரிசோதனை செல்லுபடியாகுமா? முடிவு தவறாகிப்போனால் இழப்பு என்ன? பணம், நேரம், வீட்டுச் சமையல், வெளியில் உண்பது ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத செலவு எவ்வளவு? நான்கிலும் இரண்டாவதே மிகவும் கனமானது என்பது என் கருத்து. ஏனைய பிழைகளைப் பின்னர் சரிசெய்துகொள்ளலாம். அந்த ஒன்றைச் சரிசெய்யப் பல வாரங்கள் மீண்டும் கோதுமையை உண்டு அவதிப்பட நேரும்.

வழி ஒன்று: தாமாகவே நிறுத்திப் பார்ப்பது

இதன் கவர்ச்சி வெளிப்படையானது. மருத்துவமனை வேண்டாம், ஊசி வேண்டாம், நாளைக் காலையிலேயே தொடங்கலாம். அரிசி அடிப்படையிலான சமையலில் பணச் செலவும் மிகக் குறைவு. இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஐரோப்பாவில் தனி ரொட்டிக்குக் கொடுக்கும் விலையை இங்கே யாரும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழி எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை. ஃபிரக்டான் என்னும் மாவுச்சத்து வகையும் உண்டு, அது சிலருடைய பெருங்குடலில் புளித்து வாயுவை உண்டாக்கும். நார்வேயில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் இல்லாமல் தாமாகவே குளூட்டனைத் தவிர்த்து வந்த 59 பேருக்கு, எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல், குளூட்டன் சேர்த்தது, ஃபிரக்டான் சேர்த்தது, இரண்டும் இல்லாதது என்று மூவகைத் தின்பண்டங்களைத் தலா ஏழு நாள் கொடுத்துப் பார்த்தார்கள். மிக அதிகத் தொல்லையை 24 பேர் ஃபிரக்டான் வாரத்திலும், 22 பேர் இரண்டும் இல்லாத வாரத்திலும், வெறும் 13 பேர் மட்டுமே குளூட்டன் வாரத்திலும் உணர்ந்தார்கள். அவர்களுடைய உபாதை பொய் என்று இதற்குப் பொருளில்லை. உபாதை உண்மை, குற்றவாளியாக நிறுத்தப்பட்டது பலருடைய விஷயத்தில் வேறு ஆள்.

சீலியாக் நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிய நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லம் கரெல் டிக்கே கூட, நிறுத்தியதும் குழந்தை தேறியது என்பதோடு நின்றுவிடவில்லை. 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது தம் சிறு நோயாளிகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மீண்டும் வீழ்ந்ததையும் கண்டவர், பின்னர் சகாக்களுடன் சேர்ந்து தானியத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்துதான் அதை மெய்ப்பித்தார். அவரே அளவு கேட்ட இடத்தில் நாம் உணர்வை மட்டும் நம்புவது சற்றுத் துணிச்சலான காரியம்.

இன்னொரு மறைவான சிக்கல், நிறுத்தியதாக நினைப்பவர்களில் பலர் உண்மையில் நிறுத்தியிருப்பதில்லை. சப்பாத்தியும் பரோட்டாவும் பூரியும் போய்விடும்; ரவா உப்புமா, சேமியாப் பாயசம், கோயில் கேசரி ஆகியவை தட்டில் இருக்கும். "ராகி சேமியா" என்று எழுதிய பாக்கெட்டின் பின்புறத்தில் மைதாவும் சேர்ந்திருக்கலாம். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலப்பது பரவலான வழக்கம். சாம்பார், ரசம், மோர் என்று ஒரு நாளில் மூன்று முறை அது உள்ளே போகும். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் கோதுமையும் பார்லியும் உண்டு. சிறுநீர்க் கடுப்புக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டிலே வறுத்துப் பொடித்த சத்துமாவில் ஒரு கைப்பிடி கோதுமை போடுவது பாட்டி காலத்து வழக்கம்.

அப்புறம் மாவு மில். முன்னால் நிற்பவர் ஐந்து கிலோ கோதுமையை அரைத்துக்கொண்டு போன அதே எந்திரத்தில் நம் பச்சரிசி கொட்டப்படுகிறது. முதலில் விழும் இரண்டு மூன்று கை மாவு லேசான பழுப்பு நிறத்தில் வருவதைக் கவனித்துப் பார்த்தால் கண்ணிலேயே தெரியும். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்கொண்டாலே சீலியாக் நோயாளியின் குடல் பாதிக்கப்படும் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அது ஏறக்குறைய அரைக் கிராம் கோதுமை மாவில் இருக்கும் அளவு. ஆக, தாமாக நிறுத்தியும் குணம் தெரியவில்லை என்றால் அதற்கும் பொருளில்லை, குணம் தெரிந்தாலும் அதற்கும் பொருளில்லை.

தவறினால் இழப்பு என்ன? சீலியாக் உள்ள ஒருவர் தமக்கு லேசான ஒவ்வாமைதான் என்று எண்ணி, பாதி நிறுத்தி, திருமணப் பந்தியில் "இன்று ஒருநாள்தானே" என்று தளர்த்திக்கொண்டு பல ஆண்டுகளைக் கழிப்பார். வயிறு பெரிதாகத் தொல்லை தராது. எலும்பு உள்ளுக்குள் மெலிந்துகொண்டிருக்கும். அவருடைய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

வழி இரண்டு: உண்டபடியே இரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோப்பி

கோதுமையை நிறுத்தாமல், டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பான் அளவையும், அதோடு ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பான் வகையின் மொத்த அளவையும் பார்ப்பது முதல் படி. இரண்டாவது எண் எதற்கு என்றால், சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. குறைவு, அவர்களுக்கு முதல் பரிசோதனை பொய்யாக "இல்லை" என்றே காட்டும், வேறு வகை எதிர்ப்பானைத் தேட வேண்டியிருக்கும். ஆய்வகத்தில் மொத்த ஐ.ஜி.ஏ.வையும் கேட்டு வாங்குவது நல்லது. பல தொகுப்புகளில் அது இராது.

எதிர்ப்பான் உயர்ந்திருந்தால் பெரியவர்களுக்கு வழக்கமாக அடுத்தது எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும். தொண்டைக்கு மரப்பு மருந்து அடித்தோ, லேசான மயக்கம் கொடுத்தோ குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலிலிருந்து நொய்யரிசி அளவிலான துணுக்குகளைக் கிள்ளி எடுப்பார்கள். குடலில் பாதிப்பு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒன்றிரண்டு போதாது. முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியிலிருந்து குறைந்தது நான்கும், அதன் தொடக்கத்திலிருந்து ஒன்றிரண்டும் எடுக்க வேண்டும் என்பது நெறிமுறை. "கேஸ் டிரபிள்" என்று சொல்லி எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்கள் பலருக்குத் துணுக்கு எடுக்கப்பட்டிருக்காது. பார்வைக்கு இயல்பாகத் தெரியும் குடலிலும் சீலியாக் இருக்கலாம் என்பதால், அந்தப் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு நோய் இல்லை என்று முடிவு கட்டலாகாது. குழந்தைகளுக்கு ஒரு சலுகை உண்டு: டி.டி.ஜி. அளவு இயல்பின் மேல்வரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாள் எடுத்த இரத்தத்தில் எண்டோமைசியல் எதிர்ப்பானும் இருப்பது உறுதியானால், திசு எடுக்காமலே நோயை உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவ நெறிமுறை அனுமதிக்கிறது.

இந்த வழியின் மறைவான குறைபாடு நம் ஊருக்கே உரியது. பரிசோதனை மெய் சொல்ல வேண்டுமானால் இரத்தம் கொடுப்பதற்கு முன் குறைந்தது ஆறு வாரம், நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளை உணவில் குளூட்டன் இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு கூறுகிறது. பஞ்சாபில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டிய தேவையே எழாது. ஞாயிற்றுக்கிழமை பூரியும் மாதம் ஒரு பரோட்டாவும் மட்டும் உண்ணும் தமிழ்நாட்டு வீட்டில், "நான் கோதுமையை நிறுத்தவே இல்லை" என்று சொல்பவர்கூட, பரிசோதனையின் கண்ணுக்கு ஏறக்குறைய நிறுத்தியவரே. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். ஆகவே காலையில் கோதுமை ரவை உப்புமா, இரவில் இரண்டு சப்பாத்தி என்று திட்டமிட்டு உண்டு, பிறகு இரத்தம் கொடுப்பதே முறை. ஒவ்வாமை அறிகுறி உள்ளவர்கள், அதாவது தடிப்போ மூச்சிரைப்போ வருபவர்கள், இப்படி உண்டு பார்க்கவே கூடாது. அவர்களுக்குரிய தோல் பரிசோதனைக்கும், ஐ.ஜி.ஈ. என்னும் ஒவ்வாமை எதிர்ப்பானைத் தேடும் இரத்தப் பரிசோதனைக்கும் கோதுமை உண்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன என்ற ஒன்றே சீலியாக் ஆகிவிடாது. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட வெப்பமண்டல ஸ்ப்ரூ நோயும், ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியும் அதே தோற்றத்தைத் தரலாம். அவற்றுக்குரிய மருந்து முற்றிலும் வேறு. எதிர்ப்பான் பரிசோதனையும் திசு அறிக்கையும் சேர்ந்து ஒத்துப்போனால்தான் தீர்ப்பு.

வழி மூன்று: மரபணுப் பரிசோதனை

எச்.எல்.ஏ. டி.கியூ.2, டி.கியூ.8 என்ற மரபணு வகைகள் இரண்டுமே இல்லாதவருக்குச் சீலியாக் வருவது மிக மிக அரிது. இதற்கு உணவுக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். கோதுமையை நிறுத்தி ஐந்து ஆண்டு ஆனவருக்கும் பதில் ஒன்றே. ஆனால் மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த வகைகள் இருக்கும், அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும். ஆகவே "இல்லை" என்ற விடை பொன். "இருக்கிறது" என்ற விடையால் கிடைப்பது கவலை மட்டுமே. முதல் பரிசோதனையாக இதற்குப் பணம் செலவிடுவது வீண். நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கும், திசு அறிக்கையும் இரத்த அறிக்கையும் முரண்படும்போதும் இது உதவும்.

வழி நான்கு: ஃபாட்மேப் குறைந்த உணவு முறை

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறை, குடலில் புளிக்கும் சிறு சர்க்கரை வகைகளைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்துப் பார்ப்பது. சீலியாக் இல்லை என்று உறுதியான பிறகும் உப்புசம் தீராதவர்களுக்கு, குளூட்டனைத் துரத்துவதைவிட இது பயன் தரும் வாய்ப்பு அதிகம். ஆனால் நம் சமையலில் இதை நடத்துவது கடினம். சாம்பாரின் சின்ன வெங்காயமும் ரசத்தின் பூண்டும் ஃபிரக்டான் நிறைந்தவை. பருப்பும் கொண்டைக்கடலையும் அதே குடும்பத்தின் வேறு கிளை. சப்பாத்தியை விட்டுவிட்டு அதே வயிற்றுக்கு இரண்டு கரண்டி வெங்காய சாம்பாரை ஊற்றினால் உப்புசம் எப்படிக் குறையும்? உணவியல் வல்லுநர் இல்லாமல் இதில் இறங்கினால், திருப்பிச் சேர்க்கும் கட்டத்துக்கு வராமலேயே பலர் ஒரு குறுகிய உணவுப் பட்டியலில் நின்றுவிடுகிறார்கள்.

இவற்றுக்கு வெளியே, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. அளந்து நீண்ட பட்டியல் தரும் "உணவு ஏற்பின்மைத் தொகுப்பு" ஒன்றும் விற்கப்படுகிறது. ஒரு உணவை உண்கிறோம் என்பதற்கு அடையாளமே அந்த எதிர்ப்பான். ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. இதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

| | பிரித்துக் காட்டுமா | அடுத்த பரிசோதனையைக் கெடுக்குமா | மறைவான செலவு |
|---|---|---|---|
| தாமாக நிறுத்துவது | காட்டாது | கெடுக்கும் | நோய் தெரியாமலே ஆண்டுகள் கழியும் |
| இரத்தம், பிறகு திசு | சீலியாக்கைக் காட்டும் | கெடுக்காது | ஆறு வாரம் திட்டமிட்டுக் கோதுமை உண்ண வேண்டும் |
| மரபணு | விலக்க மட்டும் உதவும் | கெடுக்காது | தேவையற்ற கவலை |
| ஃபாட்மேப் | சீலியாக் பற்றி எதுவும் சொல்லாது | கோதுமையும் குறைவதால் கெடுக்கும் | வல்லுநர் கட்டணம், குறுகிப்போகும் உணவு |

யாருக்கு எது

இன்னும் கோதுமை உண்டுகொண்டிருக்கும் எவருக்கும் இரண்டாவது வழியே முதலில். முதல் வகைச் சர்க்கரை நோய், நோயெதிர்ப்பு மண்டலமே தைராய்டைத் தாக்கும் நோய், டவுன் சின்ட்ரோம், மருந்துக்கு மசியாத இரத்தசோகை ஆகியவை உள்ளவர்களும், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்குச் சீலியாக் உள்ளவர்களும் வயிற்றுத் தொல்லை இல்லாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வளரும் குழந்தைக்குப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்துவது நான் எந்தச் சூழலிலும் ஒப்புக்கொள்ளாத ஒன்று. வாழ்நாள் முழுக்கப் பின்பற்ற வேண்டிய கட்டுப்பாட்டை ஊகத்தின் பேரில் ஒரு பிள்ளை மீது சுமத்தக் கூடாது.

பரிசோதனை முடிந்து, சீலியாக்கும் ஒவ்வாமையும் இல்லை என்று தெரிந்த பிறகு, முதல் வழியும் நான்காவது வழியும் தாராளமாகத் திறந்திருக்கின்றன. அப்போது தாமாக நிறுத்திப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. பெருங்காயத்தையும் மாவு மில்லையும் பற்றிக் கவலைப்படவும் தேவையில்லை. எவ்வளவு உண்டால் தொல்லை வருகிறதோ அதற்குக் கீழே நின்றால் போதும்.

ஏற்கெனவே நிறுத்திச் சில மாதங்கள் கழிந்துவிட்டவர்களின் நிலைதான் சங்கடமானது. நிறுத்தி ஓரிரு வாரமே ஆகியிருந்தால் தாமதிக்காமல் இரத்தம் கொடுத்துவிடலாம். எதிர்ப்பான்கள் இறங்கச் சில மாதங்கள் பிடிக்கும். நீண்ட காலம் ஆகிவிட்டிருந்தால் முதலில் மரபணுப் பரிசோதனை. அதில் "இல்லை" என்று வந்தால் சீலியாக் கதை அத்தோடு முடிந்தது. "இருக்கிறது" என்று வந்தால், இரைப்பை குடல் மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு முதல் எட்டு வாரம் கோதுமையைத் திரும்ப உண்டு பரிசோதிக்கலாம்; தாங்க முடியாதவர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று கிராம் குளூட்டன், அதாவது ஒன்றேகால் சப்பாத்தி அளவில், குறைந்தது இரண்டு வாரம் உண்ணும் சுருக்கமான முறையும் உண்டு. கர்ப்பிணிகளும், படிப்பின் முக்கியத் தேர்வை நெருங்கும் மாணவர்களும் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. மீண்டும் உண்ணவே மாட்டேன் என்று உறுதியாக இருப்பவர்கள், நோய் இருப்பதாகவே கருதிக் கண்டிப்பாக வாழ்வது ஏற்கத்தக்க முடிவுதான். ஆனால் அப்போது அரைகுறைத் தவிர்ப்புக்கு இடமில்லை. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் என்ற வரம்புக்கு உட்பட்ட பொருள்களை வாங்குவது, அரிசி மாவை வீட்டு மிக்ஸியிலேயே அரைப்பது, உணவகத்தில் ரவா தோசை ஊற்றிய கல்லிலேயே தம் தோசையும் வருகிறதா என்று கேட்பது, எலும்பு அடர்த்தியையும் இரும்புச்சத்தையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வது ஆகிய எல்லாம் அந்த முடிவோடு சேர்ந்தே வருபவை.